தில்லி டாக்சியின் தலைச்சுமை: மேற்கூரைக் கேரியரின் சிறு வரலாறு

தில்லியின் வாடகைக் கார்களில் பலவற்றின் கூரைமேல் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். பேச்சு வழக்கில் அதற்குக் கேரியர் என்று பெயர். காரின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் உண்டு, சேசிஸ் எண் உண்டு, நிறமும் எரிபொருள் வகையும்கூட உண்டு. கேரியருக்கு அதில் இடமில்லை. ஆவணத்தில் இல்லாத பொருளுக்கு வரலாறு எழுதுவது கடினம். ஆயினும் அந்தச் சட்டம் அங்கே ஏன் வந்தது, ஏன் தங்கியது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தால் கார் வடிவமைப்பு, பிரிவினைக்குப் பிந்தைய குடியேற்றம், உச்சநீதிமன்றத்தின் காற்று மாசு ஆணைகள், மோட்டார் வாகனச் சட்டம் ஆகிய நான்கும் ஒரே கூரையின்மேல் வந்து சேர்வதைக் காணலாம். அந்தக் கூரையின்மேல் ஏறும் சுமைகளுள் விளையாட்டுக் கருவிகளை மட்டும் எடுத்துக்கொள்வது இந்த வரலாற்றைத் தெளிவாக்கும். பெட்டி படுக்கையை மடித்தோ பிரித்தோ அடுக்கிவிடலாம். கிரிக்கெட் மட்டையையும் ஹாக்கி மட்டையையும் மடிக்க இயலாது.

முதலில் கூரையின் அமைப்பு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் 1950களின் இறுதி முதல் 2014 வரை தயாரித்த அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. அக்காலக் கார்களுக்குக் கூரையின் இருபக்க விளிம்பிலும் மழைநீர் வடிவதற்கென மெல்லிய தகட்டு வாய்க்கால் ஒன்று இருந்தது. கேரியரின் கால்கள் அந்த வாய்க்காலில் அமர்ந்தன. கொக்கி வடிவத் தகடு கீழிருந்து விளிம்பைப் பற்ற, திருகாணி அதை இறுக்கியது. துளையிடவோ பற்றவைக்கவோ தேவை இருக்கவில்லை. மழைநீருக்காக அமைந்த விளிம்பு சுமைக்கு அடித்தளமாயிற்று. இந்த எளிமையால் கேரியர் பெரிய ஆலைகளுக்கு வெளியே, பட்டறைகளில் செய்யத்தக்க பொருளாக இருந்தது. காஷ்மீரி கேட்டின் உதிரிபாகக் கடைகளும் கரோல்பாக்கின் கார் அலங்காரக் கடைகளும் வளர்ந்த நகரத்தில், இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைக்கத் தெரிந்த எவரும் அதைச் செய்துவிட முடிந்தது.

மேலை நாடுகளில் இதே சட்டம் வேறொரு பாதையில் நடந்தது. சுவீடனில் 1942இல் மீன்பிடிப் பொறி செய்யத் தொடங்கிய தூலே நிறுவனம் 1960களில் கார்க் கூரைச் சட்டங்களுக்கு மாறியது. பனிச்சறுக்குப் பலகைகளை மலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நடுத்தர வர்க்கத்து விடுமுறைப் பழக்கம் அதன் சந்தையாக இருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தோன்றிய யாகிமா நிறுவனமும் கயாக் படகுக்காரர்களை நம்பியே வளர்ந்தது. அங்கே கூரைச் சட்டம் ஓய்வுநேரத்தின் அடையாளம். கார் உரிமையாளர் தமக்காகவே வாங்குவது. தில்லியில் அது பிழைப்பின் கருவியாக இருந்தது. ரயில் நிலையத்தில் இறங்கும் குடும்பத்தின் டிரங்குப் பெட்டியும் ஹோல்டாலும் ஏறுவதற்காக, டாக்சி ஓட்டுநர் தம் செலவில் பொருத்திக்கொண்டது. அந்தச் சட்டத்தின்மேல் விளையாட்டுக் கருவிகள் ஏறியது அடுத்த கட்டம்.

அந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிரிவினைக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்தின் விளையாட்டுக் கருவித் தொழில் சியால்கோட்டில் செழித்திருந்தது. 1947இல் அவ்வூர் பாகிஸ்தானுக்குச் சென்றபோது, இத்தொழிலில் இருந்த பல குடும்பங்கள் அகதிகளாக இந்தியாவுக்கு வந்து ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறின. மீரட் தில்லியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். உலகக் கிரிக்கெட்டுக்கு மட்டை செய்யும் ஊர் ஒன்று தலைநகரின் அருகிலேயே உருவானது இவ்வாறுதான். தில்லியின் பள்ளிகளும் கல்லூரிகளும் கிளப்புகளும் மீரட்டின் இயல்பான வாடிக்கையாளர்களாயின. 1951இல் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியையும் 1982இல் ஒன்பதாவது போட்டியையும் நடத்திய நகரம் இது. இரண்டாவதற்காக எழுந்த ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கமும், துக்ளகாபாத்தின் துப்பாக்கிச்சுடும் தளமும் பின்வந்த தலைமுறைக்குப் பயிற்சிக்களங்களாயின. விளையாட்டரங்குகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அவற்றுக்குக் கருவிகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது எழுதப்படவில்லை.

அளவுகளைக் கவனித்தால் சிக்கல் புலப்படும். கிரிக்கெட் விதிகளின்படி மட்டையின் நீளம் 96.5 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். ஹாக்கி மட்டை 105 சென்டிமீட்டர் வரை செல்லும். ஆடவர் ஈட்டி 2.6 முதல் 2.7 மீட்டர். கிரிக்கெட் ஆட்டக்காரரின் கிட் பை, மட்டை, காலுறை, தலைக்கவசம், கையுறை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும் பத்துப் பதினைந்து கிலோ எடையும் கொண்டது. தில்லி மெட்ரோவில் கொண்டுசெல்லும் சுமைக்கு அளவிலும் எடையிலும் வரம்பு உண்டு. நெரிசல் நேரப் பேருந்தில் இத்தகைய பையுடன் ஏறுவது எளிதன்று. ஆகவே நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு டாக்சி பிடிப்பதே வழியாகிறது. அப்போது கேள்வி டிக்கியைப் பற்றியதாகிவிடுகிறது.

டிக்கி இரண்டு கட்டங்களில் சுருங்கியது. முதல் கட்டம் மாருதி. 1983 டிசம்பரில் தில்லியை அடுத்த குர்காவிலிருந்து வெளிவந்த மாருதி 800, அம்பாசடரின் அகன்ற டிக்கிக்குப் பழகிய நகரத்துக்கு மிகச் சிறிய பின்னறையையே தந்தது. சிக்கனத்துக்கும் வேகத்துக்கும் கொடுத்த விலை அது. குடும்பக் காரின்மீதும் கேரியர் ஏறியது. அதே காலத்தில் உலகெங்கும் கார்க் கூரையின் வடிவமும் மாறிக்கொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் காற்றுத்தடையைக் குறைப்பது வடிவமைப்பாளர்களின் முதன்மை நோக்கமாயிற்று. கூரை விளிம்பின் தகட்டு வாய்க்கால் மெல்ல மறைந்தது. கேரியருக்குக் கால் ஊன்ற இடம் இல்லாமற்போயிற்று. பிறகு வந்த கேரியர்கள் கதவுச் சட்டத்தின் உட்புற விளிம்பைப் பற்றிக்கொண்டன. சில பட்டறைகள் கூரையில் துளையிட்டே பொருத்தின. கால் ஊன்றும் விதத்தில் நேர்ந்த இந்த மாற்றமே பின்னாளில் சட்டச் சிக்கலின் வித்தாயிற்று.

இரண்டாம் கட்டம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று பிறப்பித்த ஆணை, தில்லியின் பேருந்துகள் அனைத்தும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு, மாற வேண்டும் என்றது. 1990க்கு முற்பட்ட ஆட்டோக்களையும் டாக்சிகளையும் தூய எரிபொருளில் ஓடும் புதிய வண்டிகளால் மாற்றப் பணித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திரபிரஸ்தா கேஸ் நிறுவனம் பதிவாயிற்று. எரிவாயு நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள், கெடு நீட்டிப்புகள், ஓட்டுநர்களின் போராட்டங்கள் எல்லாவற்றையும் கடந்து 2002 டிசம்பரில் நகரப் பேருந்துகளின் மாற்றம் நிறைவேறியது. இந்தியச் சூழலியல் வரலாற்றில் இது பெரிதும் பேசப்பட்ட வெற்றி.

பேருந்தில் எரிவாயு உருளையை வைக்க இடம் இருந்தது. காரில் டிக்கி ஒன்றே இடம். இயற்கை எரிவாயு 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுவதால் உருளை தடித்த சுவருடன், வளைந்த முனைகளுடன்தான் இருக்க முடியும். பெட்ரோல் தொட்டியைப் போல இருக்கையின் அடியில் தட்டையாகப் பரத்த முடியாது. அறுபது லிட்டர் கொள்ளளவுள்ள உருளை பின்னிருக்கைக்கு நேர் பின்னால் குறுக்கே கிடத்தப்பட்டது. எஞ்சியது உருளைக்கும் டிக்கிக் கதவுக்கும் இடையிலான குறுகிய இடைவெளி. கைப்பை ஒன்று நுழையலாம். கிட் பைகள் அடுக்காக ஏற வழியில்லை. அம்பாசடரின் பெரிய டிக்கியையே உருளை விழுங்கியபோது சிறிய கார்களைச் சொல்ல வேண்டியதில்லை. தூய காற்றுக்கான ஆணை டாக்சியின் சுமையைக் கூரைமேல் ஏற்றியது.

2015 டிசம்பர் 16 அன்று உச்சநீதிமன்றம் இந்தக் கொள்கையைச் செயலி வழி இயங்கும் டாக்சிகளுக்கும் விரித்தது. தில்லியில் ஓடும் டாக்சிகள் அனைத்தும் 2016 மார்ச் 1க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்ற அந்த ஆணையின் கெடு பின்னர் ஏப்ரல் இறுதிவரை நீண்டது. கைப்பேசியில் வண்டி அழைக்கும் பயணிக்கு வரப்போவது எந்த வகைக் கார் என்று தெரியும். அதன் டிக்கியில் எவ்வளவு இடம் மிச்சம் என்பது தெரியாது. பையுடன் நிற்கும் ஆட்டக்காரருக்கும் உருளையுடன் வந்த ஓட்டுநருக்கும் இடையிலான வாக்குவாதம் சாலையோரத்தில் நடந்து முடிகிறது. கேரியர் உள்ள வண்டி வந்தால் பை மேலேறும். இல்லையெனில் பயணம் ரத்தாகும். அல்லது பை மடியில் அமரும்.

மேலேற்றுவதற்கும் விலை உண்டு. சிறிய கார்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் விதிக்கும் கூரைச்சுமை வரம்பு ஐம்பது கிலோவை ஒட்டியது. கேரியரின் எடையும் அந்தக் கணக்கில் அடங்கும். பன்னிரண்டு கிலோ வீதம் நான்கு கிட் பைகள் நாற்பத்தெட்டு கிலோ. இரும்புக் கேரியரின் எடையைச் சேர்த்தால் வரம்பு கடந்துவிடுகிறது. சுமை உயரத்தில் இருப்பதால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலேறுகிறது. திருப்பத்தில் சாய்வு கூடுகிறது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், நகருக்குள் 40 கிலோமீட்டரில் உணரப்படாத தடை நெடுஞ்சாலையில் 80ஐத் தொடும்போது நான்கு மடங்காகிறது. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஆய்வொன்று, அந்நாட்டின் இலகு ரக வாகனங்கள் எரிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கூரைச் சட்டங்களால் கூடுதலாகச் செலவாவதாகக் கணித்தது. அதில் கணிசமான பகுதி வெறும் சட்டத்தைக் கழற்றாமல் ஓட்டுவதால் வருவது. தில்லி ஓட்டுநர் கேரியரைக் கழற்றுவதில்லை, ஏனெனில் அடுத்த பயணியிடம் என்ன சுமை இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மாசைக் குறைக்க வந்த உருளையே கூடுதல் எரிபொருள் செலவுக்கு வழிவகுத்த முரண் இது. பெட்ரோலை விட்டுச் சி.என்.ஜி.க்கு வந்ததால் காற்றுக்குக் கிடைத்த நன்மையை இது அழித்துவிடவில்லை. ஆனால் அந்த நன்மை நகரம் முழுமைக்கும் போய்ச் சேர, கூடுதல் செலவு ஒருவரின் பையிலிருந்தே போகிறது.

சட்டத்தின் நிலையையும் நோக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றலாகாது என்கிறது அது. ஆனால் வேறு எரிபொருளில் ஓட்டுவதற்கான மாற்றுக் கருவியைப் பொருத்த அதே பிரிவு வெளிப்படையாக இடமளிக்கிறது; சி.என்.ஜி. அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. ஆக, டிக்கியை நிரப்பும் உருளைக்குச் சட்டத்தில் பெயர் உண்டு. அந்த உருளையால் தேவையான கேரியருக்குப் பெயர் இல்லை. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் வாகனங்களின் முன்புறத் தடுப்புக் கம்பிகளை இதே பிரிவைக் காட்டித் தடுத்தது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் தயாரிப்பாளரின் மூல வடிவிலிருந்து விலகும் மாற்றங்களை ஏற்க மறுத்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை செல்லும் தண்டத்தையோ சிறையையோ விதித்தது. அனுமதித்த அளவுக்கு வெளியே நீளும் சுமைக்கு 20,000 ரூபாய் தண்டத்தைக் கொண்டுவந்தது.

இவற்றுள் கேரியர் எங்கே நிற்கிறது? வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' என்று பிரிவு 52இன் விளக்கம் வரையறுக்கிறது. அந்த வரையறையின்படி, விளிம்பைப் பற்றிக்கொண்டு கழற்றத்தக்கதாக உள்ள கேரியருக்கும், கூரையைத் துளைத்துப் பற்றவைத்த கேரியருக்கும் வேறுபாடு காண இடமுண்டு. அம்பாசடரின் தகட்டு வாய்க்கால் இருந்த காலத்தில் இந்த வேறுபாடு எழவே இல்லை. வாய்க்கால் மறைந்த பிறகே ஒரு திருகாணியின் இடம் சட்டக் கேள்வியாயிற்று. அதற்கு விடை சொல்பவர் பெரும்பாலும் நீதிபதி அல்லர்; சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர்.

இன்று தொழில்நுட்பம் டிக்கியை மெல்லத் திருப்பித் தருகிறது. டாடா நிறுவனம் 2023இல் அல்ட்ராஸ் காரில் ஒரு பெரிய உருளைக்குப் பதிலாக இரண்டு சிறிய உருளைகளை டிக்கித் தளத்தின் அடியில் வைத்தது. கால் நூற்றாண்டுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வடிவமைப்பாளர்கள் இப்போதுதான் விடை கண்டுள்ளனர். மறுபுறம், தில்லியிலிருந்து ரிஷிகேசத்துக்குச் செல்லும் வார இறுதிக் கார்களின்மேல் மிதிவண்டிகள் ஏறுகின்றன. சுவீடனிலும் அமெரிக்காவிலும் தோன்றிய ஓய்வுநேரக் கூரைச் சட்டம் விலையுயர்ந்த பொருளாக இந்நகருக்கு வந்து, பட்டறைக் கேரியரின் அருகே அதே சிக்னலில் நிற்கிறது.

இவ்விரண்டு சட்டங்களையும் ஒரே பொருளாகக் கருதுவது வரலாற்றைத் தவறாக வாசிப்பதாகும். ஒன்று உரிமையாளரின் விருப்பத்தால் வந்தது. மற்றொன்று, பொதுநன்மைக்காக எடுத்த முடிவொன்றின் செலவு யார் தலைமேல் விழுந்தது என்பதற்குச் சாட்சி. கொள்கையின் வெற்றியை நீதிமன்ற ஆணைகளிலும் காற்றின் தர அளவீடுகளிலும் தேடும் ஆய்வாளர், அதற்காக இடம் இழந்தவர்களைப் பழைய டாக்சிகளின் கூரைமேலும் தேட வேண்டியிருக்கும். அம்பாசடர்கள் கழிந்துவிட்டன, முதல் தலைமுறைச் சி.என்.ஜி. டாக்சிகளும் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் கேரியர்கள் எந்த அருங்காட்சியகத்துக்கும் செல்லாமல் உருக்கப்படும். அந்த வண்டிகளை ஓட்டிய தலைமுறை இன்னும் நகரில் இருக்கிறது. அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய எஞ்சியுள்ள காலம் குறைவு.