சட்டக் கல்வியும் நம் சமுதாயமும்

சட்டம் கற்றோர் ஒரு சமுதாயத்தின் வாயிற்காவலர் எனலாம். காவலனுக்கு விழிப்பு வேண்டும். வழக்கறிஞனுக்கு நூல் வேண்டும். சட்டத்தை மனப்பாடம் செய்தவன் தேர்வில் வெல்லக்கூடும். ஆனால், அதை எந்த நூலில், எந்தப் பக்கத்தில் தேடுவது என்று அறிந்தவனே நீதிமன்றத்தில் நிலைத்து நிற்பான். சட்ட மாணவர்களின் கல்வி வரலாறு என்பது பெரும்பகுதி அவர்களுக்குக் கிட்டிய நூல்களின் வரலாறே ஆகும்.

இன்று தச்சநல்லூரில் வாழும் ஓர் இளைஞர் சட்டம் பயில விரும்பினால், திருநெல்வேலி நகரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நீதிமன்ற நடைமுறையைக் காண வேண்டுமாயின், 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் வழியே தாமிரபரணியைக் கடந்து பாளையங்கோட்டைக்குச் செல்லலாம். அவருடைய பாட்டனார் காலத்திலோ இதே விருப்பம் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்கு இட்டுச் சென்றிருக்கும்.

காழியின் காலம்

1801-ஆம் ஆண்டில் நெல்லைச் சீமை ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்களால் ஜில்லா கோர்ட்டுகள் தோன்றின. முஸ்லிம்களின் வழக்குகளில் ஷரீஅத் சட்டத்தை எடுத்துரைக்க, அக்கோர்ட்டுகளில் ஃபிக்ஹு கற்ற அலுவலர்கள் அமர்ந்திருந்தனர். அவர்களை உருவாக்கியவை மத்ரஸாக்களே. அவர்களது நூலகம் அரபு, பார்ஸி ஏடுகளே.

1862-ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1864-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டம் இச்சட்ட அலுவலர் பதவிகளையும் காழிப் பதவிகளையும் ஒருங்கே ஒழித்தது. பின்னர் 1880-ஆம் ஆண்டின் காழிகள் சட்டம் காழி நியமனத்திற்கு மீண்டும் வழி செய்தது. முதன்முதலில் அது சென்னை மாகாணத்திற்கே பொருந்துவதாக இயற்றப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும், தீர்ப்புரைக்கும் அதிகாரம் எதையும் அது காழிக்கு அளிக்கவில்லை. நிக்காஹ் காழியிடம் நின்றது. வழக்கு வக்கீலிடம் சென்றது. அந்த வக்கீல் எங்கே, எதைப் படித்தார்?

சென்னை சென்ற மாணவர்

சென்னை மாநிலக் கல்லூரியில் 1855 முதல் சட்ட வகுப்பு நடைபெற்று வந்தது. 1891-ஆம் ஆண்டில் சட்டத்திற்கென்றே தனிக் கல்லூரி உருவாயிற்று. உயர் நீதிமன்றத்தை அடுத்து அதற்கென எழுந்த செந்நிறக் கட்டடம் 1899-இல் நிறைவுற்றது. பட்டப் படிப்பை முடித்து வந்தவர், எஃப்.எல்., பி.எல். என்னும் இரு தேர்வுகளைக் கடக்க வேண்டும். ஊரை விட்டு வந்த மாணவருக்கு இருப்பிடச் செலவும் உணவுச் செலவும் போக, நூல் வாங்கும் செலவு தனி. ஆதலின் நூலகத்தையே அவர் நம்பியிருந்தார். கல்லூரி பிறந்த அதே 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் போன்ற தீர்ப்புத் தொகுப்புகள் இல்லாமல் அவருடைய படிப்பு நடைபெறாது.

அந்த மாணவர் முஸ்லிம் சட்டத்தைக் கற்ற விதம்தான் வியப்புக்குரியது. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற ‘ஹிதாயா’ அரபியில் எழுந்தது. அதன் பார்ஸி ஆக்கத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலப்படுத்தி 1791-இல் வெளியிட்டார். தமிழகக் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபிற்கு இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’ இருந்தது. அது டச்சு அறிஞர் ஒருவரால் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து 1914-இல்தான் ஆங்கிலத்திற்கு வந்தது. தம் ஊர் ஆலிம் மூலத்திலேயே ஓதிக்கொடுத்ததை, காயல்பட்டினத்து மாணவர் சென்னையில் மூன்றாம் மொழியின் வாயிலாகப் படித்தார்!

நூலறிவின் பயன்

இதனால் விளைந்த கேடு சிறிதன்று. சந்ததியினரின் நலனுக்காகச் செய்யப்படும் குடும்ப வக்ஃபை, லண்டன் பிரிவி கவுன்சில் 1894-ஆம் ஆண்டில் ஒரு வங்க வழக்கில் செல்லாது என்றது. அதற்கு முன்னரே, 1892-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அமீர் அலி, ஃபிக்ஹு நூல்களை ஆராய்ந்து இதற்கு மாறான தீர்ப்பு எழுதியிருந்தார். பெரும்பான்மை அவர் பக்கம் இல்லை. எனினும் அவருடைய வாதம் மடியவில்லை. முகம்மது அலி ஜின்னா கொண்டுவந்த 1913-ஆம் ஆண்டின் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் அந்நிலையை மாற்றியது. மூலநூலையும் கோர்ட்டு முறையையும் ஒருசேரக் கற்ற ஒருவரின் உழைப்பு எத்துணைப் பயன் தந்தது!

நம் ஆற்றங்கரைக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், வாரிசுரிமையில் ஊர் வழக்கத்தை விலக்கி ஷரீஅத்தை நிலைநாட்டியது. ஆனால் விவசாய நிலத்தை அது விட்டுவிட்டது. தாமிரபரணிப் பாசனத்தில் சொத்து என்றாலே நன்செய்தானே? ‘நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு கொடுப்பது வழக்கமில்லை’ என்று சொல்ல ஓர் இடம் எஞ்சிற்று. 1949-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சென்னைச் சட்டம் அந்த விலக்கை நீக்கி, விவசாய நிலத்திற்கும் ஷரீஅத்தை விரித்தது.

மத்தியச் சட்டத்தின் வாசகத்தை மட்டும் வாங்கிப் படித்த மாணவர், மாநிலத் திருத்தத்தைக் காணத் தவறினால் என்ன ஆகும்? மகனின் பங்கில் பாதி என்று மார்க்கம் வரையறுத்த உரிமையைக் கேட்டு வரும் ஒரு சகோதரியிடம், ‘வயலில் உனக்கு உரிமை இல்லை’ என்று கூறி அனுப்பிவிடுவார். ஒரு நூல் குறைந்தால் ஒரு பெண்ணின் வாழ்வாதாரம் குறைகிறது.

வாசலுக்கு வந்த கல்லூரி

1974-இல் மதுரையிலும், 1979-இல் கோவையிலும் திருச்சியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் தோன்றின. 1996-இல் திருநெல்வேலியின் முறை வந்தது. 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை மதுரையில் திறக்கப்பட்டது. தொலைவைக் காரணம் காட்டிப் பெண்மக்களின் சட்டப் படிப்பைத் தடுப்பதற்கு இனி இடமில்லை. மலைக்கு அப்பால் திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் பயின்ற எம். ஃபாத்திமா பீவி, 1950-இல் வழக்கறிஞராகி, 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார்.

நூல்களும் அருகில் வந்துள்ளன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. கைப்பேசியிலேயே சட்டங்களைப் படிக்கலாம். ஆயினும் திருத்தத்தைத் தேடும் பொறுமையையும், மூலத்தோடு ஒப்பிடும் பயிற்சியையும் எந்தக் கருவியும் தாமாகத் தராது. அவற்றை மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்திலும் ஆலிமின் முன்னிலையிலும் அமர்ந்தே பெற வேண்டும்.

எனவே, ஒவ்வொரு மஹல்லாவும் தன் பள்ளிவாசலை ஒட்டி ஒரு சிறு சட்ட நூலடுக்கை அமைக்கட்டும். ஷரீஅத் சட்டமும் அதன் தமிழகத் திருத்தமும், 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டமும், வக்ஃபுச் சட்டங்களும், ஃபிக்ஹு நூல்களின் தமிழாக்கங்களும் அதில் இடம்பெறட்டும். சட்டக் கல்லூரி மாணவரும் மத்ரஸா மாணவரும் வாரம் ஒருமுறை அங்கு ஒன்றுகூடிப் படிக்கட்டும். 1864-இல் பிரிந்த இரு கல்விகளும் ஒரே மேசையில் மீண்டும் சந்திக்க, அதற்குமேல் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை.