பிளக்கின் நிறமும் கடலோடியின் கணிப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடலோடிகள் அடையாளங்களைப் படிப்பதிற் கைதேர்ந்தவர்கள். வாடையின் வரவையும் சோளகத்தின் எழுச்சியையும் மேகத்திலும் நீரின் நிறத்திலும் கண்டறிந்தே அவர்கள் பாய் விரித்தனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை அக்கலையின் உயர்வுக்குச் சான்றாகும். இயந்திரம் வந்ததும் அக்கலை மறைந்தொழிந்தது என்பாருளர். ஆயின், கட்டைவிரலளவான ஒரு சிறு கருவியிலே அது புதுவடிவம் பெற்றது என்பதனை அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது.

நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்றூட் என்பவர், படகின் பின்புறத்திற் பூட்டும் இயந்திரத்தை 1909ஆம் ஆண்டளவில் விற்பனைக்குக் கொணர்ந்தார். இலங்கையில் மீன்பிடிக் கலங்களுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி 1950களில் வேகம் பெற்றது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் உதவியுடன் காரைநகரில் எழுந்த சீ-நோர் நிறுவனம் படகு கட்டுந் தொழிலை வளர்த்தது. காலப்போக்கிற் கண்ணாடியிழைப் படகும் ஈரடிப்பு இயந்திரமும் கரையோரமெங்கும் பரவின.

ஈரடிப்பு இயந்திரத்தில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை எரிபொருள் பற்றவேண்டும். நிமிடத்திற்கு 5,000 முறை சுழலுமாயின், மீனவர் பிளக் என்று வழங்கும் கருவி 5,000 முறை பொறி எழுப்புகின்றது. எரிபொருளுடன் கலந்த எண்ணெயும் அங்கேயே எரிவதால், உள்ளே நிகழ்வன யாவும் அதன் நுனியிற் பதிகின்றன. நுனி இளங்கபில நிறமாயிருப்பின் இயந்திரம் நலமாயுள்ளது. உலர்ந்த கரி படிந்திருப்பின் காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் சேர்கின்றது. எண்ணெய்ப் பசையுடன் நனைந்திருப்பின் எண்ணெய் மிகுந்தது, அன்றேல் பொறி வலுவிழந்தது. வெளுத்துக் கொப்புளித்திருப்பின் வெப்பம் எல்லை மீறியுள்ளது. குளிர்நீர் ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம், எரிபொருள் குறைந்திருக்கலாம். இவ்வெண்மையே பெரிதும் அஞ்சத்தக்கது. கரி பிடித்த பிளக்கைத் துடைத்து மீண்டும் பூட்டலாம். உருகிய பிஸ்ரனுக்கு நடுக்கடலில் மருந்தில்லை.

இவ்வாசிப்புக்கும் ஓர் ஒழுங்குண்டு. மெதுவாக ஓட்டிக் கரைசேர்ந்தபின் கழற்றிய பிளக், அந்த மெதுவான ஓட்டத்தின் கதையையே சொல்லும். ஆகவே உழைக்கும் வேகத்திலேயே இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். இரண்டு சிலிண்டர் உள்ள இயந்திரமாயின் இரு பிளக்குகளையும் அருகருகே வைத்து ஒப்பிடவேண்டும். ஒன்று மட்டும் மாறுபட்டிருப்பின் குறை அந்தச் சிலிண்டரைச் சார்ந்தது.

இவ்வறிவைக் கூர்மையாக்கியது தட்டுப்பாடு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. தரையில் மோட்டார் வண்டிகளுங்கூட, காபுரேற்றரில் விட்ட சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் பிளக்கில் விரைவாகக் கரியேற்றும். புதிய பிளக்கும் எளிதிற் கிடையாத அந்நாட்களில், பழையதைத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து, மீண்டும் பூட்டுவது அன்றாடக் கடமையாயிற்று. கடலுக்குச் செல்ல முடிந்த நாளில் இயந்திரம் நின்றுபோவது உயிருக்கே ஆபத்தாகும். நீரோட்டத்தில் மிதந்துசெல்லும் படகு எல்லையை அறியாது.

போர் 2009இல் முடிந்தது. தட்டுப்பாடு அத்துடன் முடியவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாயிற்று. லீற்றர் 87 ரூபாவாயிருந்த அதன் விலை அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கரி படிந்த பிளக் வீணாக்கும் ஒவ்வொரு துளியும் அன்றைய மீனவனின் அடுப்பிலிருந்தே பறிக்கப்பட்டது.

துறைமுகங்களையும் கப்பல்களையும் பற்றி எழுதிவைத்தோர் உளர். கரையில் அமர்ந்து கருகிய நுனியை ஒளியிற் பிடித்து நோக்கிய கண்களின் அறிவு ஏட்டில் ஏறவில்லை. தந்தை பார்க்க மகன் அருகிருந்து கற்றமையாலேயே அது நிலைத்தது. முதியோர் வாழும்போதே அதனைக் கேட்டு எழுதிவைத்தல், குடாநாட்டுக் கடல்வரலாற்றுக்கு இளைய தலைமுறை செய்யத்தக்க நற்பணியாகும்.