கேட்டதா, விளங்கியதா, செய்ததா? தூரத்தில் இருந்து ஒரு பெட்டியை ஆள்வதன் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் ஹோம் தியேட்டர் இப்போது அபூர்வமான பொருள் இல்லை. வெளிநாட்டு மாமா கொண்டுவந்ததோ, செகண்ட் ஹேண்டில் வாங்கியதோ, டிவிக்குக் கீழே கனமான கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் ஏவி ரிசீவர். டிஷ், டிவிடி, கேம் கொன்சோல் எல்லாம் அதற்குள் போகும். படம் டிவிக்கும் சத்தம் ஸ்பீக்கர்களுக்கும் அதிலிருந்து பிரியும். கொஞ்சம் புதிய பெட்டி என்றால் பின்பக்கம் நெட்வொர்க் வயர் செருகும் துளையும் இருக்கும். ஃபோனில் இருந்தே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று அட்டைப்பெட்டியில் படம் போட்டிருப்பார்கள்.

நடப்பது வேறு. இன்றைக்கு வேலை செய்யும். நாளைக்கு 'ரிசீவர் கிடைக்கவில்லை' என்று ஃபோன் சொல்லும், பெட்டி கண்ணுக்கு முன்னால் இருக்கும். "ஓஃப் பண்ணி ஒன் பண்ணு, சரிவரும்" என்பதுதான் எங்கட ஊரின் பொது வைத்தியம். பல நேரம் சரியும் வருது. ஆனால் ஏன் வந்தது என்று தெரியாததால் அடுத்த கிழமையும் அதே கதை. கடைசியில் பெட்டி பழுது என்று சொல்லி மூலையில் வைத்துவிடுகிறோம்.

அந்த 'ஏன்' பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் வாதம் இதுதான். தூரத்தில் உள்ள ஒன்றுக்குக் கட்டளை அனுப்புவதில் மூன்று படிகள் இருக்கின்றன: கட்டளை போய்ச் சேர வேண்டும், அது விளங்க வேண்டும், சொன்னது நடக்க வேண்டும். மூன்றையும் ஒன்று என்று நினைக்கிற இடத்தில்தான் கோளாறு தொடங்குது. துறைமுகங்களில் வேலை செய்தவர்கள் இதை மின்சாரம் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். வீட்டு ரிமோட்தான் நீண்ட காலம் அதை மறந்திருந்தது.

கொடியும் பதில் கொடியும்

கப்பல்கள் கொடிகளால் பேசிய காலத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டன் 1857 இல் வணிகக் கப்பல்களுக்கான சமிக்ஞைக் கோவையை வெளியிட்டது. பிறகு அதுவே சர்வதேசக் கோவையாக வளர்ந்தது. அதில் ஒரு கொடி எந்தச் செய்தியும் சொல்லாது. அதன் பெயர் பதில் கொடி. சிவப்பும் வெள்ளையும் நிற்கோடுகளாக மாறிமாறி வரும் நீளமான கொடி அது. எதிர்க் கப்பல் ஒரு செய்தியை ஏற்றினால், பார்த்தவர் பதில் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்றுவார்: 'கண்டேன்'. செய்தியைப் படித்து விளங்கிக்கொண்ட பிறகு உச்சிவரை ஏற்றுவார்: 'விளங்கியது'. பாதியிலேயே நின்றால், இன்னும் விளங்கவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒரு கொடி, இரண்டு உயரம். கண்டதும் விளங்கியதும் வேறு வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ரேடியோ வந்ததும் கொடியைக் கண்ணால் பார்க்கும் வசதி போய்விட்டது. 1942 ஏப்ரலில் இலங்கைக் கடலில் நடந்தவை அதன் விலையைக் காட்டுகின்றன. ஏப்ரல் 4 ஆம் திகதி, கொக்கலையில் இருந்து பறந்த கட்டலினா விமானம் ஒன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டது. விமானி கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல். செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புவதுதான் அப்போதைய நடைமுறை, கேட்டதா என்ற உறுதி உடனே கிடைக்காதே. அப்படித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆனாலும் செய்தி கொழும்பை எட்டியது.

எட்டியும் என்ன, மறுநாள் காலை கொழும்புக்கு மேலே குண்டுவீச்சு விமானங்கள் வந்தபோது இரத்மலானைப் போர் விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. பொதுவான எச்சரிக்கை வந்திருந்தது, 'இப்போது வருகிறார்கள்' என்ற செய்தி உரிய நேரத்தில் உரிய ஆளிடம் போகவில்லை.

ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலையின் முறை. இங்கே எலிசபெத் முனையில் இருந்த ராடார் நிலையம் வரும் விமானங்களை முன்கூட்டியே கண்டது. சீனக்குடாவில் இருந்து ஹரிக்கேன் விமானங்கள் தாக்குதலுக்கு முன்பே மேலெழுந்தன. ஆனால் முதல் நாள் இரவு துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் எதிரியின் கண்ணில் பட்டுவிட்டது. திரும்பி வா என்ற கட்டளை அதற்குப் போனது, காவலுக்கு விமானங்களும் அனுப்பப்பட்டன. அவை வந்து சேர்ந்தபோது கப்பல் கடலுக்கு அடியில். ஏறத்தாழ 300 பேர் அதோடு போனார்கள். கட்டளை போனது, விளங்கியது, நடக்க வேண்டியது மட்டும் நேரத்துக்கு நடக்கவில்லை.

ஒரு போரையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் நாங்கள் சமமாக வைக்கவில்லை. ஆனால் செய்தி எந்தப் படியில் அறுந்தது என்று பார்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

பதில் கேட்காத ரிமோட்

வீட்டுக்குள் வந்த ரிமோட்டின் கதை அமெரிக்காவில் தொடங்குது. செனித் நிறுவனம் 1950 இல் விற்ற முதல் ரிமோட்டில் டிவிவரை வயர் நீண்டு கிடந்தது. ஆட்கள் அதில் தடக்குப்பட்டார்கள். 1955 இல் யூஜின் பாலி வயர் இல்லாத ஒன்றைச் செய்தார். டோர்ச் மாதிரி ஒளி அடிக்கும், டிவியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள். பிரச்சினை என்னவென்றால், ஜன்னலால் வெயில் அடித்தால் சனல் தானாக மாறும். அடுத்த வருடம் ரொபர்ட் அட்லர் காதுக்குக் கேட்காத ஒலியில் வேலை செய்யும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதற்கு பற்றரியே தேவையில்லை, உள்ளே அலுமினியக் கம்பிகளைச் சின்னச் சுத்தியல் தட்டும். 1980களில் அகச்சிவப்பு ஒளி வந்து எல்லாவற்றையும் ஓரம்கட்டியது.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பே 1979 இல்தான் தொடங்கியது, ரூபவாஹினி 1982 இல். யுத்த காலத்தில் கரண்ட் இல்லாத வடக்கு கிழக்குக் கிராமங்களில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் வைத்துப் படம் பார்த்த கதைகளை எல்லார் வீட்டிலும் கேட்கலாம். அப்போது ரிமோட் ஒரு அலங்காரம். எழும்பிப் போய் பட்டனை அமத்தினால் வேலை முடிந்தது.

ஒளி, ஒலி, அகச்சிவப்பு என்று மாறினாலும் இந்த ரிமோட்டுகள் எல்லாம் ஒருவழிப் பேச்சு. பட்டனை அமத்தினால் கட்டளை பறக்கும், பெட்டி ஒன்றும் திருப்பிச் சொல்லாது. அறைக்குள் இருக்கும்வரை அது குறையாகத் தெரியவில்லை. ஏன் என்றால் பதில் கொடியை எங்கள் கண்ணும் காதும் ஏற்றின. சத்தம் கூடியது கேட்டது, போதும். ஆனால் ஒரே பட்டனில் டிவி, ரிசீவர், டிஷ் மூன்றையும் போட முயன்றவுடன் இது உடைந்தது. பவர் பட்டன் 'மாற்று' என்று மட்டும்தான் சொல்லும், 'எழும்பு' என்று சொல்லாது. மூன்றில் ஒன்று ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், அது அணையும், மற்ற இரண்டும் எரியும்.

பெட்டி பேசத் தொடங்கியது

மாற்றம் வந்தது ஒரு பழைய வயரால். கணினித் துறை 1960களில் இருந்து பாவித்த ஆர்எஸ்-232 என்ற தொடர் இணைப்பு, விலை கூடிய ரிசீவர்களின் முதுகில் தோன்றியது. சத்தத்தை 50 இல் வை என்று அனுப்பினால், '50 இல் இருக்கிறேன்' என்று பெட்டி பதில் சொல்லும். நிலை என்ன என்று கேள்வியும் கேட்கலாம். பதில் கொடி வீட்டுக்குள் வந்துவிட்டது.

பிறகு அதே பேச்சை நெட்வொர்க் வயருக்கு மாற்றினார்கள். டெனான், மராண்ட்ஸ் பெட்டிகள் டெல்நெட் என்ற 1969 ஆம் ஆண்டுக்கால முறையில், போர்ட் 23 இல் காது கொடுக்கும். ஒன்கியோ பெட்டிகளுக்கு போர்ட் 60128. துறைமுக ஊர்க்காரருக்கு போர்ட் என்றால் வேறு அர்த்தம், ஆனால் கருத்து நெருக்கமானதுதான். ஒரே முகவரிக்கு வரும் சரக்கு எந்தத் துறையில் இறங்க வேண்டும் என்பதற்கான எண் அது.

ஃபோன் அப் செய்வதும் இதைத்தான். அப்படியென்றால் ஏன் அடிக்கடி அறுந்துபோகுது? துறைமுகத்தின் மூன்று கேள்விகளையே வரிசையாகக் கேட்போம்.

ஒன்று: போய்ச் சேர்ந்ததா?

பெரும்பாலான கோளாறு இங்கேதான். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி கொடுக்கும், ஆனால் அது வாடகை முகவரி. 1993 இல் வந்த டிஎச்சிபி என்ற இந்த முறை அலுவலகக் கணினிகளுக்கு வரம். யாரோ தேடி வர வேண்டிய ரிசீவருக்கு அது தொல்லை. முகவரி மாறினால் அப் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

கரண்ட் கட் இதை மோசமாக்குது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டினார்களே, அந்த நாட்களை நினையுங்கள். கரண்ட் வந்ததும் ரிசீவரும் ரவுட்டரும் ஒன்றாக எழும்பும். ரவுட்டர் முழுதாக எழும்ப ஓரிரு நிமிடம் எடுக்கும். அதற்குள் ரிசீவர் முகவரி கேட்டு, பதில் வராமல், 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த முகவரியோடு இருக்கும் பெட்டியை ஃபோனால் காண முடியாது. "ஓஃப் பண்ணி ஒன் பண்ணு" சரிவருவதன் இரகசியம் இதுதான்: இரண்டாம் முறை கேட்கும்போது ரவுட்டர் விழித்திருக்குது.

நிரந்தர வைத்தியம் இரண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், ரிசீவரின் மேக் எண்ணுக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிடுங்கள். பிறகு அப்பில் அந்த முகவரியைக் கையால் போடுங்கள், முடிந்தால் தானாகத் தேடும் வசதியை நம்பாதீர்கள். அந்தத் தேடல் வீடு முழுக்கக் கூவி அழைக்கும் முறை, விருந்தினர் வைஃபையிலும் சில ரவுட்டர்களிலும் அந்தக் கூவல் மறுபக்கம் போகாது. ரவுட்டருக்குச் சின்ன பற்றரி பேக்கப் ஒன்று இருந்தால் கரண்ட் கட் பிரச்சினை பாதி குறையும்.

வைஃபையை விட வயர் நல்லது. கடற்கரை வீடு என்றால் அந்த வயரின் முனைகளையும் பாருங்கள். உப்புக்காற்று செப்புத் தொடுமுனைகளைத் தின்னும். கழற்றித் திரும்பச் செருகினால் கொஞ்ச நாள் வேலை செய்யுது என்றால் சந்தேகம் அங்கேதான்.

இரண்டு: விளங்கியதா?

முகவரி சரி, ஆனாலும் அணைந்திருக்கும் ரிசீவரை ஃபோனால் எழுப்ப முடியாது. எரியும்போது எல்லாம் சரி. இதற்கு ஒரு அரசியல் வரலாறு உண்டு. தூங்கும் கருவிகள் வீணாகக் குடிக்கும் மின்சாரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் சட்டம் போட்டது. 2013 இல் இருந்து பல கருவிகளுக்கு ஸ்டாண்ட்பை வரம்பு அரை வாட். நல்ல சட்டம். அதற்குள் அடங்க, பல பெட்டிகள் அணைந்ததும் நெட்வொர்க் காதையும் மூடிவிடுகின்றன. மெனுவில் நெட்வொர்க் கொன்ட்ரோல் என்ற இடத்தைத் தேடி, 'எப்போதும் ஒன்' என்று மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு பெட்டி தூக்கத்திலும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 2022 கட்டண உயர்வுக்குப் பிறகு பில்லைப் பார்த்துப் பழகிய வீடுகள் யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. முன்பக்க பட்டனை அமத்த எழும்பலாம் என்றால் மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று. பழைய பெட்டிகள் சில ஒரு நேரத்தில் ஒரு ஆளோடுதான் பேசும். தம்பியின் ஃபோனில் அப் திறந்தபடி கிடந்தால் அக்காவுக்கு இணைப்பு கிடைக்காது. பிழை பெட்டியில் இல்லை, வரிசையில்.

மூன்று: செய்ததா?

கட்டளைகளை விறுவிறென்று அடுக்கி அனுப்பினால் பெட்டி சிலதை விட்டுவிடும். எழும்பு, டிஷ்ஷுக்கு மாறு, சத்தம் 40 என்று மூன்றையும் ஒரே மூச்சில் அனுப்பினால் எழும்புவது மட்டும் நடக்கும், எழும்பிக்கொண்டிருக்கும் பெட்டி மற்றதைக் கேட்காது. ஒரே பட்டனில் பல வேலை செய்யும் அப் வைத்திருப்பவர்கள் நடுவில் சில விநாடி இடைவெளி வைக்க வேண்டும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் இடைவெளியை நம்பாமல் நிலையைக் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்ப வேண்டும். பதில் கொடி உச்சிக்குப் போகும்வரை அடுத்த கொடியை ஏற்றாதே. அவ்வளவுதான்.

யாருடைய கையில்?

இதெல்லாம் ஒரு பெட்டிக்காகவா என்று கேட்கலாம். எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. மேலே சொன்ன டெல்நெட் பேச்சு முழுக்க வீட்டுச் சுவர்களுக்குள் நடப்பது. இணையம் இல்லாவிட்டாலும் ரவுட்டர் எரிந்தால் போதும். கடவுச்சொல்லும் கேட்காது, அதனால்தான் அந்த போர்ட்டை ஒருபோதும் வெளி இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. மாறாக, இப்போது வரும் பல கருவிகள் பக்கத்து அறைக்குச் சொல்ல வேண்டியதையும் எங்கோ உள்ள கம்பனியின் சேவர் வழியாகச் சொல்கின்றன. அந்தச் சேவரை மூடினால் பெட்டி ஊமை. 2021 இல் லொஜிடெக் நிறுவனம் தன் ஹார்மனி ரிமோட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியபோது, இன்னும் எத்தனை நாள் சேவர் ஓடும் என்பதே பாவனையாளர்களின் முதல் கவலையாக இருந்தது.

2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் ஒரே இரவில் முடக்கப்பட்டதைப் பார்த்த தலைமுறை நாங்கள். சுவிட்ச் வேறு யாருடைய கையிலோ இருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அடுத்த முறை ரிசீவரோ, வேறு எந்த 'ஸ்மார்ட்' பெட்டியோ வாங்கும்போது, எத்தனை வாட் என்று கேட்கிற அதே வாயால் இதையும் கேட்கலாம்: நெட் இல்லாமல் இது எங்கட பேச்சைக் கேட்குமா, கேட்டால் பதில் சொல்லுமா?