ஆணென்று அச்சடித்த சான்றிதழ்

இன்ஜினியரிங் காலேஜை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கட்-ஆஃப், பிளேஸ்மென்ட், ஹாஸ்டல் சாப்பாடு, பக்கத்து வீட்டு அங்கிள் சொன்ன யோசனை... பட்டியல் நீளம். ஆனால் "எந்தப் படிப்பு படித்தால் கைக்குழந்தையை ராத்திரியில் தனியாக விடாமல் வேலை பார்க்கலாம்?" என்று கணக்குப் போட்டு இன்ஜினியரிங்குக்கு வந்தவர் ஒருவர் இருக்கிறார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ. லலிதா.

1919-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 1937-இல் பெண் குழந்தை. குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போது கணவர் இறந்துவிட்டார். அப்போது லலிதாவுக்கு வயது 18. அன்றைக்கு அப்படிப்பட்ட குடும்பங்களில் இளம் விதவை என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை. வெள்ளைப் புடவையும் வீட்டின் ஒரு மூலையும்தான்.

லலிதா படிக்கக் கிளம்பினார். குயின் மேரிஸ் கல்லூரியில் இன்டர்மீடியட், முதல் வகுப்பு. அதற்கப்புறம்தான் கேள்வியே. பெண்கள் தொழில் படிப்பு என்றால் டாக்டருக்குத்தான். முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டார், ஆகவே அந்தப் பாதை திறந்துதான் இருந்தது. ஆனால் டாக்டர் என்றால் நடுராத்திரியிலும் கூப்பிடுவார்கள். குழந்தையை விட்டுவிட்டு ஓட முடியாது. காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற வேலைதான் வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று பார்த்து படிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அவ்வளவுதான். (இதைச் சொன்னால் இப்போது நேர்முகத் தேர்வில் யாரும் சீட் கொடுக்க மாட்டார்கள்!)

எந்தக் கல்லூரி என்பதில் குழப்பமே இல்லை. அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். 1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய அந்த இடத்தில் அதுவரை ஒரு மாணவி கூட இல்லை. முதல்வர் கே.சி. சாக்கோவிடமும், கல்வித்துறை இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதமிடமும் அப்பா பேசினார். இருவரும் சம்மதித்தார்கள். 1940-இல் மின் பொறியியலில் லலிதா சேர்ந்தார். அப்பா அங்கேயே பேராசிரியராக இல்லாமலிருந்தால் இந்தக் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகம்தான். திறமை இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். சக மாணவர்கள் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் ஹாஸ்டல் தனிமை வேறு விஷயம். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில்தான் போய்ப் பார்க்க முடியும். குழந்தையோடு இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த படிப்பே சில வருடங்களுக்குக் குழந்தையைப் பிரித்துவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை பாடமும் லேப் வேலையும், சனி ஞாயிறு அம்மா. ஒரு வருடம் கழித்து பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற இருவர் சிவிலில் சேர்ந்த பிறகுதான் ஹாஸ்டலில் பேச்சுத்துணை கிடைத்தது. (இந்த திரேசியாதான் 1971-இல் கேரள பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.)

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருடப் பயிற்சியும் உண்டு. எல்லாம் முடிந்து கையில் வந்த சான்றிதழில் "அவன்" என்றுதான் அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு "அவள்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சரி, அவர் போட்ட கணக்கு பலித்ததா? பலித்தது. முதல் வேலை சிம்லாவில், மத்திய தர நிர்ணய அமைப்பில். அண்ணன் குடும்பம் அங்கே இருந்ததால் குழந்தையும் கூடவே இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே லண்டன் மின் பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதினார். நடுவில் கொஞ்ச நாள் சென்னையில் அப்பாவோடு சேர்ந்து ஜெலக்ட்ரோமோனியம் என்ற மின்சார இசைக்கருவியில் ஆராய்ச்சி. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்தார். மின்தொடர் பாதைகள், துணை மின்நிலையங்கள் வடிவமைப்பது வேலை. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர்களுக்காகவும் உழைத்திருக்கிறார். கிட்டத்தட்ட முப்பது வருடம் ஒரே கம்பெனி.

1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. இந்தியாவில் அதற்குக் கிளை எதுவும் இல்லாததால் தனிப்பட்ட முறையில் போய்க் கலந்துகொண்டார். கணவரை இழந்து 27 வருடம் கழித்து, புடவை கட்டிக்கொண்டு.

1977-இல் ஓய்வு பெற்றார். கொஞ்ச காலம் தங்கையோடு தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். 1979-இல், அறுபதாவது வயதில், காலமானார்.