பெட்டைக்குள் ஒரு சேவல்: கொல்கத்தா வழியாக ஒரு வரலாறு

ஒழுங்காக முட்டையிட்டுவந்த பெட்டைக்கோழி திடீரென்று முட்டையை நிறுத்திவிடும். கொண்டை பருத்துச் சிவக்கும். காலில் முள் நீளும். அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது கழுத்திலும் இடுப்பிலும் சேவலுக்குரிய கூரிய, பளபளப்பான தூவிகள் வந்துவிடும். பிறகு ஒரு விடியலில் அது கூவும். அரிதாகவே நடக்கும் இந்த மாற்றத்தைக் கண்டு உலகமெங்கும் மக்கள் அஞ்சியிருக்கிறார்கள். பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று நம்மூரிலும் அறுத்துவிடுவது வழக்கம். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1474இல் முட்டையிட்டதாகச் சொல்லி ஒரு சேவலை விசாரித்துத் தீயிட்டார்கள். அதுவும் பெரும்பாலும் இப்படி உருமாறிய பெட்டையாகவே இருந்திருக்கும்.

சகுனமாகப் பார்க்கப்பட்ட கோழி ஆராய்ச்சிக்குரிய பறவையாக மாறியதில் கொல்கத்தாவுக்குப் பங்கு உண்டு. எட்வர்ட் பிளைத் 1841இல் அந்நகரின் ஆசியக் கழக அருங்காட்சியகத்துக்குக் காப்பாளராக வந்து, 1862 வரை அங்கேயே உழைத்தார். சொற்பச் சம்பளம், ஓயாத வேலை. இருந்தும் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த பறவைத் தோல்களை வகைப்படுத்தினார்; சந்தைகளில் விற்பனைக்கு வந்த உயிருள்ள பறவைகளையும் கவனித்துக் குறித்துவைத்தார். 1855 முதல் சார்லஸ் டார்வினுக்கு நீண்ட கடிதங்களை எழுதினார். வீட்டுக் கோழி இனங்கள் எல்லாம் இந்தியக் காட்டுக்கோழி ஒன்றிலிருந்தே வந்தவை என்பது பிளைத்தின் கருத்து. 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் டார்வின் அதைப் பெரும் மதிப்போடு எடுத்துச் சொல்கிறார். டார்வினைக் கொண்டாடும் உலகம் பிளைத்தை இன்னும் உரிய அளவில் நினைவுகூரவில்லை.

வளர்ப்பு உயிரினங்களின் மாறுபாடுகள் பற்றி டார்வின் 1868இல் எழுதிய நூலில் கோழிகளுக்குத் தனி அத்தியாயமே உண்டு. முட்டையிடுவதை நிறுத்திய பெட்டை சேவலின் இறகையும் குரலையும் முள்ளையும் சண்டைக் குணத்தையும் பெறுவதையும், விதை நீக்கப்பட்ட சேவல் அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பதையும் அந்நூல் பேசுகிறது. ஒரு பாலின் அடையாளங்கள் மறு பாலின் உடலில் வெளித்தெரியாமல் உறங்குகின்றன என்பது அவர் முடிவு. இந்தியக் கோழி இனம் ஒன்றில் பெட்டைகளுக்கு மட்டுமே தோல் கறுத்திருக்கும் என்றும் பதிவு செய்தார். காரணம் அப்போது யாருக்கும் தெரியாது.

பின்னர் தெரியவந்த காரணம் பால் குரோமோசோம்களில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மனிதரில் இருப்பதற்கு இது நேர்மாறு. தோலில் கறுப்பைத் தடுக்கும் மரபணு இசட்டில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட்களில் ஒன்றில் அது இருந்தாலே தோல் வெளுத்துவிடும். பெட்டைக்கு இருப்பதோ ஒரே இசட். அதில் தடுப்பு மரபணு இல்லையென்றால் தோல் கறுக்கும்.

கூவும் பெட்டையின் மர்மம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளரும். வலப்பக்கம் வெறும் மொட்டாக நின்றுவிடும். நோயாலோ கட்டியாலோ இடச் சூலகம் கெட்டால், சும்மா கிடந்த வலது மொட்டு விதையைப் போல வளரக்கூடும். எடின்பரோவில் பிரான்சிஸ் குரூ 1923இல் விவரித்த பஃப் ஆர்பிங்டன் பெட்டை முதலில் முட்டையிட்டது. பின்னர் இரண்டு குஞ்சுகளுக்குத் தந்தையானது. அறுத்துப் பார்த்தபோது காசநோய் அதன் சூலகத்தை அழித்திருந்தது. சகுனம் என்று கொல்லப்பட்டவற்றில் பல இப்படி நோயுற்ற பறவைகள்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில சண்டைச் சேவல்களுக்குப் பெட்டையின் இறகே வாய்க்கும். நீண்டு வளைந்த வால் இறகோ கூரிய தூவியோ இருக்காது. ஆனால் கூவும், சண்டையிடும், சேவலுக்குரிய எல்லாம் செய்யும். வடக்கே மதாரூ என்றும், தமிழ்நாட்டுச் சேவற்கட்டுக்காரர்கள் பெட்டைமாரி என்றும் சொல்வது இதைத்தான். சீப்ரைட் என்ற குள்ளக் கோழியில் சேவல்கள் எல்லாமே இப்படித்தான் இருக்கும். மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் அவற்றின் விதையை நீக்கிப் பார்த்தார். சேவல் இறகு முளைத்தது. அவற்றின் தோலிலுள்ள நொதி ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது என்பது பின்னர்தான் தெரியவந்தது.

பிளைத் சென்று ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 1957இல் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் கொல்கத்தா வந்தார். மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1961 வரை பணியாற்றினார். கோழி மரபணுப் பிணைப்பு குறித்து 1921இலேயே எழுதியவர் அவர். இரு விலங்கினங்கள் கலந்து பிறக்கும் சந்ததியில் ஒரு பால் மட்டும் இல்லாமலோ அரிதாகவோ மலடாகவோ இருந்தால், அது இருவேறு குரோமோசோம் கொண்ட பாலாகவே இருக்கும் என்று 1922இல் அவர் வகுத்தது இன்றும் ஹால்டேன் விதி எனப்படுகிறது. பறவைகளில் அந்தப் பால் பெட்டை.

ஹார்மோனே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் 2010இல் மாறியது. எடின்பரோ ஆய்வாளர்கள் மூன்று அபூர்வக் கோழிகளை ஆராய்ந்தார்கள். உடலின் ஒரு பக்கம் பெரிய தாடியும் முள்ளும் கொண்ட சேவல், மறுபக்கம் பெட்டை. ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன் ஓடியும் பாதிகள் வேறுபட்டிருந்தன. சேவல் பக்கத்தில் ஆண் உயிரணுக்களும் மறுபக்கத்தில் பெண் உயிரணுக்களும் மிகுந்திருந்தன. கோழியின் ஒவ்வோர் உயிரணுவும் தன் பாலைத் தானே அறிந்திருக்கிறது. கொண்டை சிவந்து, முள் முளைத்து, விடியலில் கூவும் பெட்டையின் உயிரணுக்களிலும் அந்த டபிள்யூ குரோமோசோம் அப்படியே இருக்கிறது.