'100 வாட்ஸ்' சோலார் விளக்கு: அட்டையில் இருப்பது நிஜமா? வாங்கும் முன் இதை கவனிங்க!

வயர் இழுக்க வேண்டாம், கரண்ட் பில் வராது, எலெக்ட்ரீஷியன் தேவையில்லை. மொட்டை மாடி, பால்கனி, வாசல் திண்ணை, தோட்டம் என எல்லா இடத்துக்கும் வயர் இல்லாத சோலார் விளக்குகள் வந்துவிட்டன. ஆனால், "ஒன்பது மணிக்கே அணைஞ்சிடுது" என்ற புலம்பலும் கூடவே கேட்கிறது. ஏன் இப்படி? பார்க்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

சோலார் பேனல், பேட்டரி, எல்இடி, சின்ன சர்க்யூட். இவ்வளவுதான் விஷயம். பகலில் பேனல் பேட்டரியை சார்ஜ் செய்யும். இருட்டியதும் பேனலின் மின்னழுத்தம் குறையும். அதை வைத்து சர்க்யூட் விளக்கை எரிய வைக்கும். பல சிறிய விளக்குகளில் பேனல்தான் சென்சாரும். அதனால் தெருவிளக்கு வெளிச்சம் பேனல் மேல் விழுந்தால், இன்னும் பகல்தான் என்று எடுத்துக்கொண்டு விளக்கு எரியாது.

'100 வாட்ஸ்' உண்மையா?

நீங்களே கணக்குப் போடலாம். பேட்டரியின் மில்லி ஆம்பியர் ஹவரை வோல்ட்டால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் வாட் ஹவர் கிடைக்கும். 2000 மில்லி ஆம்பியர் ஹவர், 3.7 வோல்ட் பேட்டரி என்றால் 7.4 வாட் ஹவர். நிஜமாகவே 100 வாட்ஸ் எல்இடியாக இருந்தால் இது 5 நிமிஷம்கூட தாங்காது! அதனால் வாட்ஸைப் பார்க்காதீங்க. பேட்டரி அளவையும் லூமென்ஸையும் பாருங்க.

எவ்வளவு நேரம் எரியும்?

1 வாட் பேனலுக்கு 5 மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் 5 வாட் ஹவர். இழப்பு போக சுமார் 3.5 மிஞ்சும். 1 வாட் எல்இடி, அதாவது சுமார் 100 லூமென்ஸ், மூன்றரை மணி நேரம் எரியும். பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு தந்தது சுமார் 450 லூமென்ஸ். ஆக, உட்கார்ந்து பேச இது போதும், படிக்கப் போதாது. ஆள் வந்தால் மட்டும் பிரகாசமாகும் மோஷன் சென்சார் இருந்தால் சார்ஜ் இன்னும் நீடிக்கும்.

எந்த பேட்டரி நல்லது?

நம்ம ஊர் வெயிலுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஏற்றது. சூட்டைத் தாங்கும், சாதாரண லித்தியம் அயனைவிட அதிக வருஷம் உழைக்கும். மாற்றக்கூடிய பேட்டரியா என்பதையும் கேட்டு வாங்குங்க. மாற்றும்போது அதே வகை, அதே வோல்ட் போடணும்.

எங்கே, எப்படி வைக்கணும்?

* பேனலைத் தெற்கு நோக்கி லேசாகச் சாய்த்து வைங்க. மேகம் அதிகமுள்ள அக்டோபர் முதல் டிசம்பர் வரை சூரியன் தெற்கே இருப்பதால் இது உதவும்.
* வாரம் ஒருமுறை தூசியைத் துடைங்க.
* நிழல் விழும் பால்கனி என்றால், பேனல் தனியாக இருக்கும் மாடலோ யூஎஸ்பி சார்ஜ் வசதி உள்ளதோ வாங்கலாம்.
* மழையில் நனையும் இடத்துக்கு ஐபி 65 தரம் தேவை. ஐபி 44 சாரலை மட்டுமே தாங்கும்.
* மஞ்சள் வெளிச்சம், அதாவது 3000 கெல்வினுக்குள் இருந்தால் பூச்சித் தொல்லை குறையும்.

புயல் நேரத்தில்?

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தன. அப்படிப்பட்ட நேரத்தில் இந்த விளக்குகள் கைகொடுக்கும். ஆனால் மேகமூட்டத்தில் சார்ஜ் குறைவாகவே ஏறும். புயல் எச்சரிக்கை வந்ததுமே விளக்குகளைக் கழற்றி உள்ளே வைத்து, யூஎஸ்பி இருந்தால் கரண்ட் இருக்கும்போதே முழுசா சார்ஜ் ஏத்திடுங்க.

பழசானால் என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீங்க. நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்க.