தக்கோலப் போரும் மூன்று நினைவுகளும்

நம் நாட்டுச் சாலைகளில் செல்வோர், ஊர்ப்புறத்து வேம்பின் நிழலில் மண்ணிற் பாதி புதைந்து நிற்கும் கற்பலகைகளைக் கண்டிருத்தல் கூடும். வில்லும் வாளும் ஏந்திய வீரன் ஒருவனுடைய உருவம் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். சில ஊர்களில் அக்கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் சாத்தி, வேடியப்பன் என்று பெயரிட்டு வழிபடுவர். சில ஊர்களில் அது துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கும். அதுவே நடுகல். கல்லைத் தேர்தல் முதலாக வாழ்த்துதல் ஈறாக அதற்குரிய நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது. அதுபற்றிப் புலவர் பெருமக்கள் விரிவாக எழுதியுள்ளமையின் அதனை இங்கு நீட்டவில்லை. ஒரே போரிற் பிறந்த மூன்று நினைவுகளையும், அம்மூன்றும் சிவபெருமான் திருமுன்னர் வந்தடைந்தவாற்றையும் மட்டுமே கூற விழைகின்றேன்.

அப்போர் கி.பி. 949இல் தக்கோலத்தில் நிகழ்ந்தது. அரக்கோணத்திற்கு அண்மையிலுள்ள அத்தலம், ஆளுடைய பிள்ளையார் பாடியருளிய திருவூறலே ஆகும். முதற் பராந்தக சோழன் முதுமையெய்தியிருந்த காலம் அது. வடக்கிலிருந்து இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்தான். அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் பூதுகன் வந்தான். அவர்களை எதிர்த்து நின்றவன் பராந்தகனின் மூத்த மகனாகிய இராசாதித்தன். இவன் தந்தையின் ஆணைப்படி திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு தங்கி, வட எல்லையைக் காத்துவந்தவன். நம்பியாரூரர் அவதரித்த திருநாவலூரில் திருத்தொண்டீச்சரத்தைக் கற்றளியாக எடுத்தவன். யானைமீது இருந்து பொருதபோதே அவன் உயிர் நீத்தான். ஆனைமேல் துஞ்சின தேவர் என்று சோழர் கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. இறந்தான் என்னாது துஞ்சினான் என்ற அச்சொல்லின் மென்மையைக் கருதுக.

இனி, முதல் நினைவு பகைவர் நாட்டில் உள்ளது. கன்னட நாட்டு மண்டியா மாவட்டத்து ஆதகூரில், சகம் 872 எனக் காலம் குறித்த கல்லொன்று நிறுத்தப்பெற்றது. பூதுகன் யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி இராசாதித்தனைக் கொன்றான் என்று அக்கல் கூறும். சோழருடைய ஆனைமங்கலச் செப்பேடோ, கிருஷ்ணனுடைய அம்பு நெஞ்சில் தைக்க அவன் வீழ்ந்தான் என்று கூறும். வென்றவருக்குக் கொன்றவன் யார் என்பது பெரிதாயிற்று. தோற்றவருக்கோ நெஞ்சில் ஏற்ற புண்ணே பெரிதாயிற்று.

ஆயினும் ஆதகூர்க் கல் எடுக்கப்பட்டது இராசாதித்தனுக்காக அன்று, பூதுகனுக்காகவும் அன்று. அது ஒரு நாய்க்கு எடுத்த கல். பூதுகனின் வீரர்களுள் மணலேரன் என்பவன் போரில் பேராற்றல் காட்டினான். வேண்டியதைக் கேள் என்று அரசன் மகிழ்ந்துரைத்தபோது, அவன் அரசனுடைய வேட்டைநாயாகிய காளியைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒருநாள் அந்நாயைப் பெரியதொரு காட்டுப்பன்றிமேல் ஏவினர். பன்றியும் நாயும் ஒன்றோடொன்று பொருது ஒருங்கே மடிந்தன. அதற்காக ஆதகூர்ச் சிவாலயத்தின் முன்னர்க் கல் நாட்டி, ஏரியின் கீழ் நிலமும் விட்டனர். இக்கல்லைப் பூசியாமல் அவ்விடத்துச் சிவபூசகர் உணவுகொள்வாராயின், அந்நாய் செய்த பாவம் அவரைச் சாரும் என்றும் எழுதிவைத்தனர். நாய்க்குப் பூசையா என்று நகைப்பார் இருப்பின், நம் செங்கம் பகுதி எடுத்தனூருக்குச் சென்று காண்க. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று அங்குள்ளது. வீழ்ந்த வீரனோடு, இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவும் பெயரும் அதில் உள்ளன. ஆதகூர்க் கல் பின்னாளில் பெங்களூர் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. கல்லுக்கு அங்கே பாதுகாப்பு உண்டு, பூசை இல்லை.

இரண்டாவது நினைவு கல்லன்று, ஒரு மனிதர். மலைநாட்டு நந்திக்கரைப் புத்தூரினனாகிய வெள்ளங்குமரன் இராசாதித்தனின் படைத்தலைவன்; பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்று வழங்கும் ஊரில் ஆற்றுத்தளி மகாதேவருக்குக் கற்றளி எடுத்தவன். தக்கோலக் களத்தில் தலைவன் வீழ்ந்தபோது அவனுடன் மாளும் பேறு இவனுக்கு வாய்க்கவில்லை. அக்காலத்து மறவனுக்கு இதனினும் பெரிய இழிவில்லை. இவன் வாளால் தன்னை மாய்த்துக்கொள்ளவும் இல்லை. வேறொரு மன்னனைச் சார்ந்து வாழவும் இல்லை. கங்கையில் நீராடி, நிரஞ்சன குரவரிடம் விரதம் ஏற்று, திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் என்னும் துறவியாக அமர்ந்தான். வெள்ளங்குமரனும் சதுரானனரும் ஒருவரே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. தலைவனோடு இறவாமையால் உலகை வெறுத்தார் என்பதைத் திருவொற்றியூர்க் கல்வெட்டே மறைக்காது உரைக்கின்றது.

அக்கல்வெட்டின் காலத்தை நோக்குமிடத்து நெஞ்சம் கனக்கின்றது. அது மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டு. தம் தலைவனைக் கொன்றவனின் ஆட்சியாண்டைத் தலைப்பிலிட்டு, ஒற்றியூர் இறைவனின் வழிபாட்டுக்குப் பொன் அளித்தார் அம்முனிவர். தொண்டைநாடு அன்று பகைவர் வசம் இருந்தது. ஒற்றியூர்ப் பெருமானுக்குப் பகையும் நட்பும் இல்லையன்றோ!

மூன்றாவது நினைவு மேற்பாடியில், பொன்னையாற்றங்கரையில் உள்ளது. இராசாதித்தனின் தம்பி அரிஞ்சயன் சின்னாட்களே ஆண்டு மறைந்தான். அவனை ஆற்றூர்த் துஞ்சின தேவர் என்பர். தக்கோலத்தில் இழந்த நாட்டைச் சோழர் மீட்டுக்கொள்ள ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. மீண்ட நாட்டை ஆண்ட இராசராசன், தன் பாட்டனாராகிய அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக அரிஞ்சிகை ஈச்சரத்தை எடுப்பித்தான். பள்ளிப்படை என்பது இறந்த அரசரின் நினைவாக எழுந்த கோயில். ஆயினும் கருவறையில் இருப்பது அரிஞ்சயனின் உருவமன்று, சிவலிங்கமே. தஞ்சையில் வானளாவிய விமானம் எழுப்பிய அவ்வேந்தன், பாட்டனாருக்கு எடுத்த கோயிலைச் சிறியதாகவே எடுத்தான். அதே ஊரில் அவன் எடுத்த சோழேந்திரசிங்க ஈச்சரத்தைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், அண்மையிலுள்ள இச்சிறு தளியின்முன் நின்று ஒரு வில்வமேனும் சாத்தி வருவார்களாக.